கேட்பவனும் கேட்க வைப்பவனும்

திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் ஒரு காலை ஊன்றி, மறுகாலை வானோக்கித் தூக்கி நிற்கிறார். மரத்தாலான ஓங்கிய திருமேனி. மற்றத் தலங்களில் வலக்கையில் சக்கரமும் இடக்கையில் சங்கும் இருக்க, இங்கே இரண்டும் கைமாறியிருக்கின்றன. காலடியில் மகாபலி. 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான இந்தத் தலத்தின் கதை தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கும் தெரியும். மூவுலகையும் உடையவன் மூன்றடி மண் கேட்டு வந்தான். கேட்க வந்தபோது குள்ளனாக வந்தான், நீர் வார்த்துக் கொடுத்தபின் வளர்ந்தான். கேட்கப் போகிறவன் கடவுளே ஆனாலும் குறுகித்தான் நிற்கவேண்டும் என்று உபன்யாசங்களில் இதற்குப் பொருள் சொல்வது வழக்கம். கேட்ட மாத்திரத்தில் மனிதன் சிறுத்துப்போகிறான் என்ற நம்பிக்கை நம்மிடம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் இந்தக் கட்டுரையில் விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறேன். கேட்பதில் இழிவு உண்டா? உண்டு என்றால் அது யாரைச் சேர்ந்தது?

இறைவனிடம் எதையும் கேட்காமலிருப்பதே உயர்ந்த பக்தி என்று சொல்பவர்கள் எல்லாச் சமயங்களிலும் இருக்கிறார்கள். பிள்ளைக்கு வேலை, பெண்ணுக்கு வரன், வயலுக்கு மழை என்று கேட்டு நிற்பவர்களை அவர்கள் ஒரு படி கீழே வைக்கிறார்கள். பகவத் கீதையின் ஏழாம் அத்தியாயம் அப்படி விலக்கவில்லை. துன்பத்தில் அழைப்பவன், பொருள் வேண்டுபவன், அறிய விரும்புபவன், ஞானி என்று நால்வகைப் பக்தர்களைச் சொல்லி, ஞானியைத் தனக்கு நெருக்கமானவன் என்று கண்ணன் சொன்னாலும் நால்வருமே உயர்ந்தவர்கள் என்றும் கூடவே சொல்கிறான். வடலூர் வள்ளலாரோ இறைவனுக்கு எழுதிய உரைநடைக்கே ‘சத்தியச் சிறு விண்ணப்பம்’ என்று பெயர் வைத்தார். மெய்ஞ்ஞானிகள் வெட்கப்படாத ஒன்றைக் குறித்து நாம் ஏன் வெட்கப்படுகிறோம்? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கேட்பதால் எவனும் தாழ்வதில்லை. தனக்கு உரியதையே இன்னொருவனிடம் இரந்து பெறவேண்டிய நிலையில் வைக்கப்படும்போதுதான் மனிதன் தாழ்த்தப்படுகிறான், அப்போதும் பழி அவனை அந்த நிலையில் வைத்தவனுக்கே. இதற்கான சான்றுகளைத் தேடி வெகுதூரம் போகவேண்டாம். திருக்கோவிலூரிலும், அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மேற்கே எழும் கல்வராயன் மலையிலும் போதுமான அளவு கிடைக்கின்றன.

முதலில் தமிழ் இலக்கணம். தொல்காப்பியத்தின் எச்சவியல், கேட்பதற்கு மூன்று வினைகளை ஒதுக்குகிறது: ஈ, தா, கொடு. தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்டால் ‘ஈ’, ஒத்தவன் ஒத்தவனிடம் கேட்டால் ‘தா’, உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்டால் ‘கொடு’. இதை வைத்து, தமிழ்ச் சமூகம் தொடக்கத்திலிருந்தே கேட்பதை மேல்கீழாக அடுக்கி வைத்திருந்தது என்று சிலர் சொல்வார்கள். அடுக்கு இருந்தது உண்மை, அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அதே நூற்பாக்கள் இன்னொன்றையும் காட்டுகின்றன. மூன்றையும் இரத்தல் பற்றிய சொற்கள் என்றே தொல்காப்பியர் வகுக்கிறார். அதாவது உயர்ந்தவனும் கேட்கிறான். அவன் கேட்பதும் இரவுதான். அது மட்டுமன்று: ‘கொடு’ என்பது இயல்பில் படர்க்கைக்கு உரிய சொல், உயர்ந்தவன் தன்னையே வேறொருவன் போலப் பாவித்து அதைச் சொல்கிறான் என்றும் விளக்கம் தருகிறார். ‘எனக்குத் தா’ என்று சொல்ல நா எழாமல், ‘இவனுக்குக் கொடு’ என்று தன்னைச் சுட்டிச் சொல்வதுபோல. மேலிருப்பவனும் தன் தேவையை ஒளித்துக்கொண்டுதான் கேட்டான் என்றால், கூச்சம் பதவியைப் பார்த்து வருவதில்லை. தேவை எல்லாருக்கும் பொது என்பதற்கு இதைவிடப் பழைய தமிழ்ச் சாட்சியம் வேண்டியதில்லை.

பிற மொழிகள் பல இந்த அடுக்கை வினையிலேயே வைப்பதில்லை. ஸ்பானிய மொழியில் ‘பெதிர்’ என்ற ஒரே வினை எல்லாவற்றுக்கும் வரும். உணவகத்தில் சாப்பாடு சொல்வதும் பெதிர், நண்பனிடம் உதவி கேட்பதும் பெதிர், செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்பதும் பெதிர், தேவாலயத்தில் முழந்தாளிட்டு வேண்டுவதும் பெதிர்தான். காசு கொடுத்துக் கட்டளையிடுகிறவனும் கையேந்துகிறவனும் அந்த மொழியில் ஒரே செயலைச் செய்கிறார்கள். இன்றைய தமிழிலும் ஏறக்குறைய இதுவே நிலைமை. ‘ஈ’ பேச்சிலிருந்து போய்விட்டது. பேச்சில் தாவும் கொடுவும் இடத்துக்கு இடம் ஒன்றையொன்று மாற்றி வருகின்றன. கடவுளையும் ‘கொடு சாமி’ என்கிறோம். சொல் சமமாகிவிட்டது. மேல்கீழ் மட்டும் சொல்லை விட்டு வெளியேறி வேறு இடங்களில் குடியேறிக்கொண்டது. அந்த இடங்களுக்குப் பிறகு வருகிறேன்.

திருவள்ளுவர் இதில் தனக்குத்தானே முரண்படுகிறார் என்று சொல்வதுண்டு. 106-ஆம் அதிகாரமான ‘இரவு’, ஒளிக்காத நெஞ்சுடையவர்களிடம் கேட்பதில் அழகு உண்டு என்கிறது, இரப்பவர் இல்லாத உலகம் மரப்பாவை போய்வருவது போல உயிரற்றது என்கிறது. அடுத்த அதிகாரமான ‘இரவச்சம்’, பசுவுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்பதுகூட நாவுக்கு இழிவு என்கிறது. உரையாசிரியர்கள் இதைப் பலவாறு பிரித்துப் பொருத்தினார்கள். என் வாசிப்பு எளியது. இரண்டு அதிகாரங்களிலும் வள்ளுவரின் கண் கேட்பவன்மேல் மட்டும் இல்லை. இரவில் அவர் கேட்கத்தக்கவர் யார் என்று தேடுகிறார். இரவச்சத்தில், இரந்துதான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமானால் இந்த உலகத்தைப் படைத்தவன் கெட்டலையட்டும் என்று சபிக்கிறார். அந்தச் சாபம் பிச்சைக்காரன்மேல் விழவில்லை, ஏற்பாட்டைச் செய்தவன்மேல் விழுகிறது. ஈகை அதிகாரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. கேட்டவன் முகம் மலரும்வரை, கேட்கப்படுவதும் துன்பமே என்கிறார். கொடுப்பவன் காத்திருந்து, கேட்க வைத்து, அப்புறம் கொடுத்தால் அந்த இடைவெளிக்கு அவனே பொறுப்பு. நாம் தரும் நீதிபோதனைகளில் ‘ஏற்பது இகழ்ச்சி’ என்ற பாதி மட்டும் மனப்பாடமாகி, படைத்தவனையே கேள்வி கேட்ட பாதி எப்படியோ நழுவிவிட்டது. இது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

இங்கே வாமனன் கதையை வைத்தே ஒரு வலுவான மறுப்பு எழும். கேட்பது இவ்வளவு மாசற்ற செயல் என்றால், மூன்றடி என்று கேட்டுவிட்டு உலகை அளந்தது என்ன நியாயம்? ஜோதிராவ் புலே 1873-இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’யில், உழைக்கும் மக்களின் நல்ல அரசனான பலியை வஞ்சித்த கதையாகவே இதைப் படித்தார். கேரளத்தவர் ஓணத்தில் வரவேற்பது வாமனனை அன்று, மகாபலியை. இந்த மறுப்பை நான் தள்ளிவிட மாட்டேன். அது என் வாதத்துக்கு வேண்டிய ஓர் அளவுகோலைத் தருகிறது. கேட்பது உண்மையில் கேட்பதாக இருக்க இரண்டு வேண்டும்: சொன்ன அளவே கேட்ட அளவாக இருக்கவேண்டும், ‘இல்லை’ என்று சொல்ல எதிரிலிருப்பவனுக்கு இடம் இருக்கவேண்டும். இரண்டாவது பலிக்கு இருந்தது. சுக்கிராச்சாரியார் எச்சரித்தார், பலி அறிந்தே கொடுத்தான், அதனால்தான் அவன் பெயர் நிற்கிறது. முதலாவது இல்லை என்று புலே சொன்னதில் நியாயம் இருக்கிறது. மறுக்க முடியாதபடி கேட்கப்படும் எதுவும் கட்டளை. வலியவன் வாயில் வேண்டுகோளும் உத்தரவும் ஒரே ஓசையில் வரும். உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரைதோறும் நினைக்கப்படும் அரவான் கதையிலும் இதுவே நடக்கிறது. போரின் வெற்றிக்காக அவனுடைய உயிர் கேட்கப்பட்டது. அவன் கொடுத்தான். கொடுக்கும் முன் ஒரு நாளாவது மணவாழ்வு வேண்டும் என்று பதிலுக்குக் கேட்டான், கண்ணன் மோகினியாக வந்து அதை நிறைவேற்றினான். உயிரையே கேட்கும் இடத்திலும், கேட்கப்பட்டவனுக்குத் திருப்பிக் கேட்கும் உரிமை இருந்தது என்பதைத்தான் அங்கே தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர் ஆண்டுக்கு ஆண்டு மெய்ப்பிக்கிறார்கள்.

தனக்காகக் கேட்பதும் பிறருக்காகக் கேட்பதும் ஒன்றா என்று கேட்டால், திருக்கோவிலூர் மறுபடியும் பதில் சொல்கிறது. பறம்பு வீழ்ந்து பாரி இறந்தபின், அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போய், மணந்துகொள்ளுங்கள் என்று கேட்டார். இருவரும் மறுத்தார்கள். புறநானூறு அதற்குச் சாட்சி. பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் பெண்ணையாற்றுப் பாறையில் உயிர் துறந்ததாக, திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. ஆற்றுக்குள் இருக்கும் கபிலர் குன்று அந்த நினைவைச் சுமக்கிறது. சங்கப் புலவர்களுள் மிக மதிக்கப்பட்டவர் இரண்டு வாசல்களில் ‘இல்லை’ கேட்டுத் திரும்பினார். சிறுத்தது யார் என்று தமிழ் இலக்கியம் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தெளிவாகவே இருக்கிறது. அதே ஊரை ஆண்டதாகப் பெரிய புராணம் சொல்லும் மெய்ப்பொருள் நாயனார் கதையிலும் ஒரு வேண்டுகோள் மையத்தில் நிற்கிறது. சிவனடியார் வேடத்தில் வந்த முத்தநாதன் கத்தியால் குத்துகிறான். காவலன் தத்தன் வாளை ஓங்குகிறான். சாகும் அரசன் தன் பணியாளிடம், கொன்றவனை ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடும்படி கேட்கிறான். அந்தச் செய்தி வந்து சேரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருக்கிறான். அரசன் கேட்டது அரசனாக அன்று, வேடத்துக்கு அடியவனாக. உயர்ந்தவன் தன்னைப் படர்க்கையாக்கிக் கேட்பான் என்று தொல்காப்பியர் சொன்ன இலக்கணத்துக்கு, முழுக்கவும் வேறொருவன் நலத்துக்காகக் கேட்ட இந்த வேண்டுகோளைவிட உயர்ந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி, இந்தக் கேள்வியின் நடுப்பகுதி. உலகளந்த பெருமாள் கோயிலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. முதலாழ்வார் மூவரும் சந்தித்த இடம் இதுதான். மழையிரவு. மிருகண்டு முனிவர் ஆசிரமத்தின் இடைகழி. முதலில் வந்த பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடமுண்டா என்று கேட்டார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்து கேட்டார். மூவர் நிற்கலாம் என்று எழுந்து நின்றார்கள். அப்புறம் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள். கவனிக்கவேண்டியது இதுதான்: ஆழ்வார்கள் கேட்டார்கள், பெருமாள் கேட்கவில்லை. இதே தலத்தில் மூன்றடி மண்ணை நீர்வார்த்துக் கேட்டுப் பெற்றவர், இடைகழியில் ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே நுழைந்தார். அவர்களும் யார் நீ என்று தள்ளவில்லை. ஒரே கருவறையில் இந்த இரண்டு கதைகளும் சேர்ந்திருப்பதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை. கொடுப்பதையே தன் பெருமையாக வைத்திருந்த பலியிடம் கேட்கவேண்டியிருந்தது. தங்கள் இடத்தை ஏற்கெனவே ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து நின்றவர்களிடம் கேட்கும் தேவையே எழவில்லை.

வைணவ சம்பிரதாயம் பின்னாளில் இந்த இரண்டு நிலைகளையும் தத்துவமாகவே பிரித்து எடுத்துக்கொண்டது. வடகலை, தென்கலை வேறுபாட்டைக் குரங்குக்குட்டி, பூனைக்குட்டி உவமையோடு முடித்துவிடுவது வழக்கம். உள்ளே இருப்பது கேட்பதைப் பற்றிய வழக்கு. திருக்கோவிலூர்ப் பெருமாள்மேல் ‘தேஹளீச ஸ்துதி’ பாடிய, வடகலையார் போற்றும் வேதாந்த தேசிகர், சரணாகதியின் அங்கங்களுள் ‘கோப்த்ருத்வ வரணம்’ என்பதை வலியுறுத்துகிறார். ‘நீ என்னைக் காக்கவேண்டும்’ என்று வாய்விட்டு வேண்டுவதே அது. எல்லாம் அறிந்த இறைவனுக்கு இது எதற்கு என்றால், கேட்கப்படாமல் கொடுக்கப்பட்டது கொண்டவனுடைய புருஷார்த்தம் ஆகாது என்பது அவர் தரப்பின் விடை. ஒருவன் விரும்பித் தேடியது என்ற அடையாளம் அதில் இருக்காது. தென்கலையார் போற்றும் பிள்ளை லோகாசாரியரின் தரப்பு வேறு. காப்பது இறைவனின் இயல்பு. உயிர் அவனுடைய உடைமை. தன் உடைமையைக் காப்பது உடையவனுக்குக் கடமை, உடைமைக்கு வேலை இல்லை. உயிரிடம் எதிர்பார்க்கப்படுவது விலக்காமை ஒன்றே. கேட்டதைக் கருவியாகக் கருதினால் இறைவனின் இரக்கத்துக்கு விலை பேசியதாகிவிடும்.

ஏழு நூற்றாண்டுகளாக அறிஞர்கள் வாதிட்ட இடத்தில் நான் தீர்ப்பு எழுத வரவில்லை. ஆனால் ஒன்று தெரிகிறது. கொடுப்பவன் யார் என்பதைப் பொறுத்து இந்த இரண்டு தரப்பில் ஒன்று பொருந்தும். கொடுப்பவன் கடனாளி அல்லாத இடத்தில், அதாவது அருள், நட்பு, அன்பு, மன்னிப்பு ஆகியவை நடமாடும் இடத்தில், தேசிகர் சொன்னது சரி. அங்கே கேட்பது கொடுப்பவனின் சுதந்திரத்தையும் கேட்பவனின் விருப்பத்தையும் ஒருசேர மதிக்கிறது. மன்னிப்பைக் கேட்காமலே கொடுத்துவிட்டால் தவறு செய்தவனை நாம் ஆளாகவே மதிக்கவில்லை. கொடுப்பவன் கடன்பட்டிருக்கும் இடத்தில், காப்பதற்கென்றே அவன் அங்கே வைக்கப்பட்டிருக்கும் இடத்தில், லோகாசாரியர் சொன்னது சரி. அங்கே ‘கேட்டால்தான் தருவேன்’ என்று சொல்பவன் தன் இயல்பையே மறுக்கிறான். இறைவனை நோக்கி இதில் எதைச் சொல்லலாம் என்பது அவரவர் சம்பிரதாயம். அரசை நோக்கி இரண்டாவதைத்தான் சொல்லமுடியும்.

நாட்டு நடப்பில் நாம் இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வரும் மனு ஒன்றை எடுத்துப் பாருங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள். ‘உயர்திரு ஐயா அவர்களுக்கு வணக்கம். ஏழை எளியவனாகிய நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்து வருகிறேன்.’ நடுவில் ஆறேழு வரிகளில் செய்தி: பட்டா இல்லை, சாதிச் சான்று வரவில்லை, சாலை இல்லாததால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. கடைசியில், ‘எனவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’ கருணை, தாழ்மை, எளியவன். இவை சந்நிதியில் சொல்லவேண்டிய சொற்கள். வள்ளலார் விண்ணப்பம் எழுதியது அருளுக்கு. சான்றிதழுக்கும் சாலைக்கும் அதே மொழியை எழுதவேண்டியிருக்கிறது. தொல்காப்பியர் ‘ஈ’ என்ற ஒற்றை எழுத்தில் வைத்திருந்த தாழ்வு, சொல்லை விட்டு வெளியேறி மனுத்தாளின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. எழுதுபவர்களைக் குறை சொல்லமுடியாது. எழுதாவிட்டால் தாள் நகராது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நீண்ட அனுபவம்.

கல்வராயன் மலையில் அந்த அனுபவத்துக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. சமவெளி 1947-இல் விடுதலை பெற்றது. மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நிலமும் வரி வாங்கும் உரிமையும் பரம்பரையாகச் சில குடும்பங்களிடம் இருக்க, அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினர் அரசாங்கம் என்ற ஒன்றை நேரடியாகச் சந்தித்தது நாடு குடியரசாகி கால் நூற்றாண்டு கழித்துத்தான். ஜாகீர் ஆட்சியில் மேலிருந்து வருவது கேட்பதுபோல் இருந்தாலும் உத்தரவு, கீழிருந்து போவது எதுவானாலும் இரவு. அப்படி வாழ்ந்த ஒரு சமூகத்தின்மேல் ‘இவர்கள் எதற்கெடுத்தாலும் அரசிடம் கையேந்துகிறார்கள்’ என்ற பேச்சை வைப்பது அநியாயம். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தலைமுறைகளாகச் சொல்லிக்கொள்ளும், மலையில் தங்கள் தெய்வங்களோடு உழுது வாழும் மக்கள் அவர்கள். மரவள்ளியும் சாமையும் விளையும் நிலம் அவர்களுடையதுதான் என்பதற்குத் தாள் மட்டும் இல்லை.

இந்த இடத்தில் சட்டமே ஒரு தத்துவ நிலைப்பாடு எடுத்திருக்கிறது, அதைப் போதுமான அளவு யாரும் பேசவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பழங்குடியினருக்கு நிலம் ‘வழங்குகிறேன்’ என்று சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் உரிமையை அங்கீகரிக்கிறது. அவர்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதைத் தன் முகப்பிலேயே ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு, நான்கு ஹெக்டேர் வரை, உரிமை உண்டு. நடைமுறையும் அதற்கேற்பக் கிராம சபையிலிருந்து தொடங்குகிறது. வன உரிமைக் குழு விசாரிக்கிறது, கிராம சபை தீர்மானிக்கிறது, பிறகுதான் கோட்ட அளவிலும் மாவட்ட அளவிலும் உள்ள குழுக்களுக்குப் போகிறது. ஒருவன் அங்கே தாக்கல் செய்வது உரிமைக் கோரிக்கை. அண்டை வீட்டுக்காரர்கள் சாட்சி சொல்லும் சபையில், நான் உழுதது இது என்று எழுந்து நின்று சொல்வது. தொல்காப்பியக் கணக்கில் அது ‘தா’. தாள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அது எப்படியோ ‘ஈ’ ஆகிவிடுகிறது என்பதே என் கவலை. தமிழ்நாடு 2023 செப்டம்பர் 15-இல் மாதம் 1000 ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கியபோது அதற்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயரிட்டது. உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமை என்று சொன்னது சரியான திசை. விண்ணப்பம் தள்ளுபடியான பெண்ணிடம் காரணத்தைச் சொல்லும்போதும் அந்தச் சொல் நினைவிருக்கவேண்டும்.

மறுப்புகள் இருக்கின்றன. அரசு கடவுள் இல்லை, எல்லாம் அறியாது, கேட்காவிட்டால் எப்படித் தெரியும் என்பது முதலாவது. நியாயமான கேள்வி, அதன் விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. எல்லாம் அறிந்த இறைவனிடம் கேட்பதால் தகவல் எதுவும் போய்ச் சேர்வதில்லை. அங்கே கேட்பதன் பயன் முழுதும் உறவிலும் கேட்பவனின் மனத்திலும்தான். அறியாத அரசிடம் போவதோ தகவல். தகவலுக்குத் தாழ்மை தேவையில்லை. எந்த ஊர், எத்தனை குடும்பம், எந்தப் பாலம் உடைந்தது என்பதே போதும். பெறுபவர்தான் அதற்கு நன்றி சொல்லவேண்டும், ஏனென்றால் அவர் செய்யத் தவறிய கணக்கெடுப்பை மனு எழுதியவர் செய்து கொடுத்திருக்கிறார். இரண்டாவது மறுப்பு, எல்லாவற்றையும் உரிமை என்று பேசினால் நன்றி என்ற பண்பு வற்றிவிடும் என்பது. சங்க காலப் புலவன் நன்றி பாடியது தன் தேரைக் கொடுத்த பாரிக்கு, தன் குதிரையைக் கொடுத்த காரிக்கு. பொதுப்பணத்தைப் பொதுமக்களுக்குக் கொடுப்பவர் பாரி அல்லர். அதற்கு நன்றியை வசூலிக்கும்போது, உண்மையிலேயே தன்னுடையதைக் கொடுக்கும் மனிதனுக்குரிய நன்றியைத்தான் நாம் மலிவாக்குகிறோம். மூன்றாவது மறுப்புக்கு நான் கொஞ்சம் இறங்கி வரவேண்டும். பணம் அளவானது, எல்லாருக்கும் எல்லாம் ஒரே நாளில் கிடைக்காது, யாராவது தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். உண்மை. தேர்ந்தெடுக்கலாம், காக்க வைக்கலாம், ‘இந்த ஆண்டு முடியாது’ என்றும் சொல்லலாம். அந்த ‘முடியாது’ காரணத்தோடும் தேதியோடும் எழுத்தில் வரவேண்டும். காரணம் சொல்லப்படாத மறுப்புதான் கேட்டவனை அடுத்த திங்கட்கிழமை இன்னும் குனிந்து வர வைக்கிறது.

கேட்காமலே செய்வது அரசு அமைப்புகளால் ஆகாத காரியம் என்றும் சொல்லிவிட முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து ஜூலையில், கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டு, சாலை, மருத்துவம், கல்வி பற்றி அரசிடம் விளக்கம் கேட்டது. மலையிலிருந்து யாரும் வந்து வேண்டி நிற்கவில்லை. நீதிமன்றம் தன் இயல்பைச் செய்தது, அவ்வளவுதான். அத்தனை சாவுக்குப் பிறகுதான் அது நடந்தது என்பது வேதனை, ஆனால் நடக்க முடியும் என்பதற்கு அது சான்று. நிர்வாகத்துக்கு இதையே விதியாக்கவும் வழி உண்டு. மத்தியப் பிரதேசம் 2010-இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பொதுச்சேவை உத்தரவாதச் சட்டத்தை இயற்றியது. எந்தச் சான்று எத்தனை நாளில் கிடைக்கவேண்டும் என்று அரசே அறிவிக்கிறது. நாள் தவறினால் பொறுப்பான அலுவலர் அபராதம் கட்டவேண்டும். அப்படியொரு சட்டத்தின்கீழ், கல்வராயன் மலையின் வெள்ளிமலையில் சாதிச் சான்றுக்கு மனு கொடுக்கும் பெற்றோர் அந்தத் தாளில் தாழ்மையையும் கருணையையும் எழுதவேண்டியதில்லை. குழந்தையின் பெயர், ஊர், விண்ணப்பித்த தேதி, தரவேண்டிய தேதி ஆகிய நான்கையும் எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.